கீழ்த்தட்டில் ஒரு பச்சை இன்ஜின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் சுகம் என்பதை வழக்கம்போல மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. புது ஊரில் வேலை பிடித்திருக்கிறது, வீட்டில் நல்ல காற்று, மாடல் ரயில் சங்கம் ஒன்றில் சேர்ந்துவிட்டீர்கள், ஆகவே உங்கள் இன்ஜின்களைப் பார்சலில் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜின்களைப் பற்றி ஒரு பக்கம். என்னைப் பற்றி, 'மச்சான் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். பச்சை இன்ஜின், நாம் இங்கே கட்டிய இரண்டடுக்கு ரயில் பலகையின் கீழ்த்தட்டில், சுவரோரத் தண்டவாளத்தில், தடம் புரண்டு கிடக்கிறது. என் கை உள்ளே போகவில்லை. இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும் என்று நான் கேட்டேன். "கீழ வண்டி சும்மா நிக்கத்தானே போகுது மச்சான், அங்க யாரு கையை விடப்போறா? இடைவெளி குறைஞ்சா வண்டி ஏறி இறங்குற சரிவும் குறையும்" என்றீர்கள். உங்கள் கை ஒல்லி. என் கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தக் கீழ்த்தட்டை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வரைந்தோம். மேலே ஸ்டேஷன், மலை, சுரங்கம். சுரங்கத்துக்குள் போன வண்டி யார் கண்ணிலும் படாமல் சுற்றி இறங்கி, கீழே ஒதுங்கி நிற்க வேண்டும். முறை வரும்போது மேலே வர வேண்டும். பார்ப்பவர்கள் அது தூரதேசம் போய்த் திரும்பியதாக நம்ப வேண்டும். மேலே ஸ்டேஷன் மாஸ்டர் நான், கீழே யார்டு உங்கள் பொறுப்பு. நான் மணியடித்துக் கேட்டால் நீங்கள் வண்டி அனுப்புவீர்கள். தனி ஆளாக ஓட்ட முடியாது என்பதில்தான் விளையாட்டே இருந்தது.

பிறகு ஒருநாள் வரைபடத்தை மாற்றினீர்கள். கீழ்த்தட்டின் சுவிட்சுகள் எல்லாம் மேலே என் பக்கம் வந்தன. எந்தத் தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது என்று காட்டக் குட்டி விளக்குகளும் வந்தன. "இனிமே ஒரே ஆள் எல்லாத்தையும் ஓட்டிக்கலாம்" என்றீர்கள். என் முட்டிவலியை நினைத்துச் செய்த கரிசனம் என்று, சாப்பாட்டு மேஜையில் உங்களைப் புகழ்ந்தேன். யாரும் நிமிரவில்லை. என் தங்கை தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது.

வேலையில் ஊர் மாற்றல் கேட்டு நீங்கள் எழுதிக்கொடுத்தது அதற்கும் முன்பாம். என் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரருக்கும் தெரியும். நான் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் ஈயம் சொட்டாமல் ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டார்ச் பிடித்தீர்கள். நன்றாகத்தான் பிடித்தீர்கள். கிளம்பும் வாரத்தில் "திடீர்னு ஆர்டர் வந்துடுச்சு மச்சான்" என்றீர்கள். அதையும் நம்பி, ஆர்டர் போட்டவரை உங்கள் சார்பில் திட்டினேன்.

"சொன்னா வேலையைப் பாதியில போட்டுடுவீங்க, முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும்னு ஆசைப்பட்டாரு" என்று என் மனைவி இப்போது விளக்குகிறாள். மாற்றல் கேட்பது குற்றமில்லை. முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். மூன்றாம் நாள் பெட்டி கட்டக் கயிறு வாங்கி வந்திருப்பேன். அந்த இரண்டு நாளை எனக்குத் தராமல் போனதுதான் செரிக்கவில்லை.

உங்கள் ஏற்பாட்டில் பிழையில்லை. ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நானே மணியடித்து, நானே அனுப்பி, நானே வாங்கிக்கொண்டேன். அன்றுதான் பச்சை இன்ஜின் சாய்ந்தது. பிறகு சுவிட்சைத் தொடவில்லை.

மேல் பலகையின் திருகுகளைக் கழற்றினால் எடுத்துவிடலாம் என்கிறாள் மகள். எடுத்துவிடலாம்தான். ஆனால் அதுவும் பார்சலில் போய்விட்டால், இந்த வீட்டுக்கு வர உங்களுக்கு வேறு வேலை இருக்காது. நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு என் ஆசி. இருவரும் நன்றாக இருங்கள். எப்போது வருகிறீர்கள் என்பதை முதலில் எனக்கு எழுதவும். மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னமும் உங்கள்,
மச்சான்