நாலு டயர்

அன்புள்ள ஜகோரி,

நீ காலேஜ் அணியில் சேர ஒப்பந்தம் போட்ட கையெழுத்து விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். எனக்கு வேலை இருந்தது.

கோச் நம் வீட்டில் கெளுத்தி மீன் சாப்பிட்டுக்கொண்டே, "கார் விளம்பரத்துக்கு ஆறு லட்சம் டாலர். எங்க காலேஜுக்கு வா ராசா, கூச்சப்படாம வாங்கிக்கோ" என்றாரே, அதைத் தப்பு சொல்லவில்லை. இப்போது சட்டமே அனுமதிக்கிறது.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது நானும் அவரிடம்தான் ஃபுட்பால் ஆடினேன். அம்மா என் ஆட்டத்தைப் பார்க்க வரட்டும் என்று ஒரு ரசிகர் அம்மாவின் காருக்கு நாலு டயர் மாட்டிக் கொடுத்தார். ஆட்டக்காரன் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்றிருந்த காலம். "உன்னால எங்க பேரே நாறுதுடா" என்று சொல்லி கோச் என்னை அணியிலிருந்து நீக்கினார். உதவித்தொகை நின்றது, படிப்பும் அதோடு போயிற்று.

அவர் நம் வீட்டில் மீன் சாப்பிட்ட அன்று வாசல்வரை நான்தான் வழியனுப்பினேன். தோளைத் தட்டி, "நல்ல உடம்புப்பா. நீயும் ஆடியிருக்கியா?" என்று கேட்டார். நமக்குக் குடும்பப் பெயர்தான் வேறு, முகம் ஒன்றுதானே! அவர் நடிக்கவில்லை, தம்பி. உண்மையிலேயே மறந்துவிட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

பழசை நினைத்த வெட்கத்தில்தான் கோச் சாப்பிடும்போது என்னோடு பேசவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

உன் அண்ணன்