உன் பெயருக்கு மேல் என் பெயர்

கோச்சடையில், ஆற்றங்கரை ரோட்டில், இளநீர் விற்பவர் வண்டிக்கு மேல் உன்னைக் கட்டியிருக்கிறார். உன் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். வெயிலுக்குத் தாங்குகிறதாம். உன் முகம் பாதி நிழலில். உனக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும் என் முகம் முழு வெயிலில்.

"பின்னாடி வாரது நீங்கதான தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"கையக் குடுத்துல கூப்புடுறாரு ஒங்கள. இப்புடி ஒரு சேக்காளி கெடைக்கணுமே." இளநீரைச் சீவிக்கொண்டே சொன்னார். வழுக்கையைத் தோண்டிக் கொடுத்தார். நான் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்திருப்பார்.

உனக்குத் தெரியும் அது என்ன படம் என்று. உங்கள் தெருப் பொங்கல் ஓட்டப் பந்தயம். முடிவுக் கயிற்றுக்கு ஒரு எட்டு முன்னால் நீ நின்றாய். ஜெயித்துவிட்டுப் போயிருக்கலாம். நின்றாய். திரும்பி, கையை நீட்டி, மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரே வாயை மூடும்படி கத்தினாய்.

"வா மாப்ள, வா. ஒனக்காகத்தான் நிக்கிறேன். மெதுவா வா, ஒன்னும் அவசரமில்ல."

தெருவே சிரித்தது. நான் நெருங்கிய பிறகு, ஒரு எட்டு வைத்துக் கயிற்றைத் தொட்டாய்.

முந்திக்கொண்டு போயிருந்தால் அன்றே மறந்திருப்பேன். காத்திருந்தாய். அதை மறக்க முடியவில்லை. நீ செத்த பிறகு பசங்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, 'நட்பின் இலக்கணமே' என்று அடியில் போட்டு, பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். ஊரே நின்று பார்த்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் நக்கல் அன்பாகிவிட்டது. என் தோல்வி நட்பாகிவிட்டது. மறுத்துச் சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை. செத்தவனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது.

உன்னிடமே சொல்கிறேன்.

கால் விட்டுப்போன வருஷம் நினைவிருக்கிறதா. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒவ்வொரு அடிக்கும் ஊசி ஏறியது. கொஞ்ச காலம் ஓடவே கூடாது, சைக்கிள் மிதிக்கலாம் என்றார் டாக்டர். வில்லாபுரத்தில் மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஒரு ஜிம். அங்கே சன்னலோரம், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். அதில் ஏறினேன். முழு வேகத்தில் ஒரு மிதி, பிறகு தளர்வாக, பிறகு மறுபடி முழு வேகம். இன்டர்வெல் முறை. நாம் ரோட்டில் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் செய்துகொண்டிருந்ததுதான். ஒரு கம்பம் வரை பாய்ச்சல், அடுத்த கம்பம் வரை நடை.

நீ ஒரு நாள் பார்க்க வந்தாய். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நெடி மாடிப்படி ஏறி வந்தது. நான் இருமிக்கொண்டே மிதித்தேன். நீ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"என்னா மாப்ள, எம்புட்டுத் தூரம் வந்துருக்க? திருமங்கலம் தாண்டிட்டியா?"

"மூச்சு வாங்குது, பேசாத."

"வாங்கத்தான் செய்யும். மொளகாப் பொடியத்தான மோந்துக்கிட்டு இருக்க." முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் குனிந்து தேடினாய். "இது ஒழைப்பு இல்லடா. மாவு மில்லுக்குக் கரண்டு எடுத்துக் குடுக்கிற."

பக்கத்துச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஜிம்காரர் சிரித்தார். என் இடத்தில், என் முகத்துக்கு நேராக.

நான் விளக்கினேன். அதுதான் என் வழக்கம். ஓடும்போது உடம்பின் முழுப் பாரமும் எலும்பில் இறங்குகிறது, சைக்கிளில் இருக்கை அதைத் தாங்கிக்கொள்கிறது. இதயத்துக்கு வேகம்தான் கணக்கு, அது பாதத்தால் வந்ததா மிதியால் வந்ததா என்று அதற்குத் தெரியாது என்றேன். நீ முழுவதையும் கேட்டாய். கேட்டுவிட்டு:

"தொடைதான் எரியுது? நெஞ்சு எரியுதா?"

குனிந்து மிதித்தேன். உண்மை அதுதான். சைக்கிளில் நெஞ்சு நிரம்புவதற்கு முன்னால் தொடை கைவிட்டுவிடும்.

"இதுல நெனச்சா நிறுத்திக்கிரலாம் மாப்ள. ரோட்டுல நிறுத்துனா திரும்பி வீட்டுக்கும் அதே ரோட்டுலதான் வரணும். நாய் பாக்கும். பால்காரரு பாப்பாரு. அந்த அசிங்கத்துக்குப் பயந்தே ஒருத்தன் ஓடுவான். இங்க யாரு ஒன்னயப் பாக்கா?"

போகும்போது படியில் நின்று சொன்னாய். "ஒரு வருசங்கூட மிதி. மிதிச்சுப்புட்டு வந்து நம்ம கரை ரோட்டுல என் பேர எறக்கு. அன்னைக்கு ஒத்துக்கிறேன். அம்புட்டுத்தான்."

உன் பேர் என்றது போனில் இருந்த பேரை. ஓட்டத்தை அளக்கும் ஆப். யார் எந்தச் சாலையில் அதிவேகமாக ஓடினார்களோ அவர்கள் பெயர் அந்தச் சாலைக்கு மேலே நிற்கும். கரை ரோட்டில், பாலத்தில் இருந்து பிள்ளையார் கோயில் வரை, நீ முதல். நான் நாலாவதோ ஐந்தாவதோ.

ஆடியில், விடியாத நேரம், சமயநல்லூர் பக்கம் நாலுவழிச் சாலை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தாய். எதிர்த் திசையில் வந்தது ஒரு வேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாலைகள் மூடியதில் முகம் சரியாகத் தெரியவில்லை. கால் தெரிந்தது. பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. வேன் ஓட்டியவன் மேல் இல்லை. அவனை எனக்குத் தெரியாது. உன் மேல். இனி எப்படி உன்னை ஜெயிப்பது. கட்டி வைத்துவிட்டார்களே.

எழுந்து போய்விட்டாய், ஆட்டம் முடியாமல். முதலிடத்தில் இருந்துகொண்டே.

அன்றிலிருந்து மிதித்தேன். காலையில் உன்னை நினைத்துத்தான் வண்டியில் ஏறுவேன். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் உன் நீட்டிய கை. மிதியின் இறுக்கத்தைக் கூட்டும் குமிழை உன் கழுத்து என்று வைத்துக்கொண்டேன். நல்ல எண்ணம் இல்லை. பலன் இருந்தது. மிளகாய் அரைக்கும் நாட்களிலும் இறங்கவில்லை. இருமலோடு, கண்ணில் நீரோடு. ஜிம்காரர் ஒரு தடவை, "தம்பி, இன்னைக்கு வேணாமே, கீழ குண்டு மொளகா ஓடுது" என்றார். ஓடட்டும் என்றேன்.

கால் வலி போனது. நாடித் துடிப்பு இறங்கியது. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். தயார் என்று நினைத்துக்கொண்டு கரை ரோட்டுக்கு வந்தேன்.

பாலத்தில் இருந்து பாய்ந்தேன். மூச்சு அபாரமாக இருந்தது. நெஞ்சுக்குள் இன்னும் ஒரு ஆள் ஓட இடம் இருந்தது. ஆனால் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. பாதம் தரையை மறந்திருந்தது. பாதி வழியில் நின்றேன். திரும்பி அதே ரோட்டில் நடந்து வந்தேன். நாய் பார்த்தது. பால்காரர் பார்த்தார்.

நீ சொன்னது பாதி சரி. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சைக்கிள் நுரையீரலைக் கட்டித் தரும். காலைக் கட்டித் தராது. தரை மேல் அடி விழுந்து விழுந்து ஒரு கால் கற்றுக்கொள்வதை எந்த இருக்கையும் கற்றுத் தராது. ஆனால் மீதிப் பாதி நான் சொன்னது. அந்தச் சைக்கிள் இல்லாமல் என் எலும்பு ஆறியிருக்காது. ஆறாத எலும்போடு உன்னைத் துரத்தியிருக்க முடியாது.

பிறகு இரண்டையும் கலந்தேன். வாரத்தில் பல நாள் மாடி, சில நாள் கரை. மூச்சை அங்கே வளர்த்து, காலை இங்கே பழக்கினேன். மார்கழிக் குளிரில் ஒரு காலை, பாலத்தில் இருந்து பிள்ளையார் கோயில் வரை போய்ச் சேர்ந்தபோது வாந்தி வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன்.

உன் பெயருக்கு மேல் என் பெயர்.

சத்தமாகச் சிரித்தேன். கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கம் இல்லை. யாருமில்லாத ரோட்டைப் பார்த்து, "எறக்கிட்டேன்டா" என்றேன். வைகையில் தண்ணீர் இல்லை. மாடுகள் நின்றன. நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள நீ இல்லை. அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும்கூட வரவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. திரையில் உன் பெயர். உன் எண்.

"அண்ணே, நாந்தான்." உன் தங்கச்சி. அவள் போன் உடைந்துவிட்டதாம், உன்னுடையதைத்தான் கல்லூரிக்கு எடுத்துப் போகிறாளாம். "அண்ணன் போன்ல என்னமோ வந்துருக்கு. 'உங்கள் முதலிடத்தை இன்னார் பறித்துவிட்டார்'னு. ஒங்க பேரு போட்டுருக்கு."

ஆப் தோற்றவனுக்குத் தகவல் அனுப்பும். அதை நான் யோசிக்கவே இல்லை. உன் வீட்டு வாசலில் போய் என் வஞ்சத்தை நானே கதவு தட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பின்னால் உன் அம்மாவின் குரல். "என்னவாம்டி?"

"அண்ணன ஜெயிச்சுட்டாராம்மா."

"யாரு?"

சொன்னாள். பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம். பிறகு உன் அம்மா, கோபமா அலுப்பா என்று தெரியாத குரலில்: "இப்பப் போயா?"

மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் என்று பொய் சொல்ல விருப்பமில்லை.

"எங்கண்ணன் இருந்த வரைக்கும் மாவு மில்லு மாடியில ஒளிஞ்சுக்கிட்டு," என்றாள் உன் தங்கச்சி, "செத்ததுக்குப் பெறகு வந்து ரோட்டுல ஓடுறீங்களாக்கும்?" அதே நக்கல். அதே இழுப்பு. "சும்மா விட்ருவேன்னு நெனைக்காதீங்க. நாளைக்குக் காலையில வாரேன். அந்த எடம் எங்க வீட்டுது."

"வா," என்றேன். வேறென்ன சொல்ல.

வந்தாள். உன் பழைய டி-சர்ட், புது ஷூ. முதல் நாள் இரண்டு கம்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். உதவிக்குப் போகவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தை போய் மாசியும் பாதி போய்விட்டது. இப்போது பாலத்தில் இருந்து கோயில் வரை நிற்காமல் ஓடுகிறாள். என்னோடு பேசுவதில்லை. ஓடி முடித்ததும் போனைப் பார்க்கிறாள், என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், போய்விடுகிறாள். உன் அம்மா அவளுக்கு முட்டை அவித்துக் கொடுத்து அனுப்புகிறாராம். இளநீர்க்காரர் சொன்னார்.

ஒரு நாள் அந்தச் செய்தி என் போனுக்கு வரும். தெரியும். வாரத்துக்கு வாரம் அவள் காலடிச் சத்தம் கிட்டத்தில் கேட்கிறது. உன் மேல் வைத்த கோபத்தை இறக்கிவைக்கச் சொல்கிறார்கள், விஷயம் தெரிந்த ஓரிருவர். முடியாது. விடியற்காலையில் என்னைக் கட்டிலில் இருந்து எழுப்ப வேறு எதுவும் இல்லை. அதோடு, அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது.