பால் பிறகு வரும்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு டீ குடித்தேன். ஆசைப்பட்டு இல்லை, வேலை. காஷ்மீரத்து உப்பு டீ. பச்சைத் தேயிலையில் கொஞ்சம் சோடா உப்புப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி அடித்து, பிறகு பால் சேர்த்தால் அந்த நிறம் வருமாம். அந்த ஊர்க்காரர்களுக்கு வருகிறது. பெங்களூர் பொம்மசந்திராவில் எங்கள் ஆலையில் அதையே தூளாக்கி வெந்நீரில் கலக்கினால் செங்கல் கழுவிய தண்ணீர் மாதிரி நிற்கிறது.

சேஷகிரி சார் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "அனுஷா, இது டீயா, ரசமா? ஏதாவது ஒண்ணைத் தீர்மானம் பண்ணிடு" என்றார். வீட்டில் ஃபில்டர் காபியைத் தவிர வேறெதையும் தொடாத மனிதரை உடனடி டீத்தூள் கம்பெனிக்கு மேலாளராகப் போட்ட புண்ணியவான் யாரோ. அவர் தலையில்தான் இந்தத் திட்டம் விடிந்திருக்கிறது. உலகத்துப் பால் டீக்கள் என்று ஒரு பெட்டி, அதற்குள் நாட்டுக்கு ஒரு பொட்டலம். குடித்துப் பார்த்துச் சரி செய்வது என் பாடு. டீ குடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் எங்கள் ஊர் குடியாத்தத்தில் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

22 ஜனவரி, புதன்

மங்கோலியாவில் டீயில் பாலோடு உப்பு போடுகிறார்கள். வறுத்த தினையும் உண்டு. கஞ்சி என்று சொல்லிக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகக் குடித்திருப்பேன்.

25 ஜனவரி, சனி

ரிச்சர்ட்ஸ் டவுனில் நோயல் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் ஈஜிபுராவில் என் அறைக்கு வந்தேன். முடிவாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, இரண்டாம் தேதி, அம்மாவும் அப்பாவும் சம்பந்தம் பேச அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வளர்பிறை பார்த்து அம்மா குறித்த நாள்.

இதற்கே எத்தனை பாடு. நோயல் பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தவன். "ஒரு மணி நேரம் நீ வாயத் தொறந்துகினு பேசாம இருந்திருக்கற. அதான் அந்தப் பையனுக்குப் புடிச்சுபோச்சு" என்பது அப்பாவின் தீர்ப்பு. கோயிலா சர்ச்சா என்று அம்மா போன வருடம் முழுக்க என்னோடு பேசாமலும், பேசியபோது அழுதும் ஒரு வழியாக இறங்கி வந்திருக்கிறாள். இறங்கி வந்தாளே தவிரச் சரி என்று சொல்லவில்லை. "வீட்டப் பாக்கறேன். மனுசங்களப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்."

நோயலின் அம்மா பிரிஜெட் ஆன்ட்டிக்கும் படபடப்புதான். நோயலின் அப்பா போன பிறகு வீட்டுக்கு இவ்வளவு முக்கியமான விருந்தாளிகள் வருவது இதுதான் முதல் தடவை. "என்ன மா செய்யணும் நானு? உங்க அம்மாவுக்கு எப்படி டீ புடிக்கும், சொல்லு" என்று கேட்டார். ஆன்ட்டி வீட்டு டீ வெள்ளைக்காரர் காலத்துக் கன்டோன்மென்ட் டீ. பீங்கான் கெட்டில், அதற்குக் கம்பளித் தொப்பி, தேயிலை ஊற மூன்று நிமிடம், கோப்பையில் முதலில் வெறும் டீ, பால் தனியாக ஒரு சின்னக் குடுவையில் பின்னால் வரும். அவரவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ள வேண்டும். பெங்களூரிலேயே நல்ல டீ அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

"எதையும் மாத்தாதீங்க ஆன்ட்டி. எப்பவும் போடற மாதிரியே போடுங்க. அம்மா அசந்துடுவாங்க" என்றேன்.

29 ஜனவரி, புதன்

அம்மா போனில்: "அந்தப் பையன் டீயில சக்கர போட்டுக்க மாட்டானாமே. அப்பா சொன்னாரு. இந்த வயசுலயே சுகரா?"

பல் டாக்டர் அம்மா, பல் டாக்டர் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

2 பிப்ரவரி, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது அம்மா நல்ல மனநிலையில்தான் இருந்தாள். பட்டுப்புடவை, தாம்பாளம், பழம், பூ. ஆன்ட்டியும் பட்டுப்புடவையில் வாசலுக்கே வந்து நின்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அம்மா கண்ணால் வீட்டை அளந்தாள். சுத்தம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் மனதுக்குள் பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டேன்.

ஆன்ட்டி கெட்டிலோடு வந்தார். முதல் கோப்பை அம்மாவுக்கு. பிறகு அப்பாவுக்கு. ஊற்றிவிட்டு, பால் எடுக்க உள்ளே போனவர், அடுப்பில் வைத்த கேக் நினைவுக்கு வந்து அதைக் கவனிக்க நின்றுவிட்டார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அப்பாவிடம் தேயிலையின் நிறத்தைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தபோது அவள் கோப்பையைத் தொடாமல், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கத்தில் பால் இல்லாத டீ கொடுப்பது சாவு வீட்டில். அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தூக்கு நிறையக் கடுங்காப்பியோ வெறும் டீயோ வரும், வந்தவர்களுக்கு ஊற்றித் தருவார்கள். வேறெந்த வீட்டிலும், எவ்வளவு இல்லாத வீடானாலும், பாலைக் கடன் வாங்கியாவது கலந்துதான் கொடுப்பார்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில், பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கிறவள் முன்னால் அதை வைத்தால்? குடியாத்தத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தினம் காலையில் வரிசையாக வெறும் டீயை உறிஞ்சித் துப்பித் துப்பி, அது எனக்கு வெறும் நிறமாகிவிட்டது.

அப்பா மரியாதைக்காக வெறும் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு நோயல் பால் குடுவையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். அப்பா ஒரு நொடி யோசித்தார். காலிக் கோப்பையில் பாலை ஊற்றி அதையும் குடித்தார். "டீயும் உள்ள போச்சு, பாலும் உள்ள போச்சு. வயித்துல கலந்துக்கட்டும்" என்றார். நோயல் சிரித்தான், நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பால் வந்த பிறகும் கோப்பையைத் தொடவில்லை. தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டு, ட்ரெயினுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள்.

3 பிப்ரவரி, திங்கள்

அம்மா போன் செய்தாள். இரண்டே வாக்கியம். "மொத மொத வந்தவளுக்குச் சாவு டீ வெச்ச வூட்ல நான் பொண்ணு குடுக்கமாட்டேன். இதோட வுட்டுடு."

இதோட வுட்டுடுன்னா? எதைம்மா வுடறது?

5 பிப்ரவரி, புதன்

நோயலோடு சண்டை. "ஒரு ஜக் பாலுக்காகவா?" என்று கேட்டுவிட்டான். ஒரு ஜக் பால்தான்டா. ஒரு ஜக் பால்தான். உனக்குப் புரியாது, எனக்கே புரியாமப் போச்சே, அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மா இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம். நீ இல்லாத கல்யாணமும் வேண்டாம். இப்ப என்ன பண்றது? சொல்லு.

போனை வைத்துவிட்டேன்.

ஆபீஸில் ஹாங்காங் டீ. கெட்டியான டப்பாப் பால், தேயிலையை வடிகட்ட நீளமாகக் காலுறை போல ஒரு துணிப்பை. நன்றாகவே வந்திருந்தது. எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று சேஷகிரி சார் கேட்டார், கொட்டிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காபி குடுத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

8 பிப்ரவரி, சனி

ஆன்ட்டியிடம் இனியும் மறைக்க முடியாது. நேரில் போய்ச் சொன்னேன். அம்மா எழுந்து போனதற்கு மதம்தான் காரணம் என்று அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். டீ என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"என் வீட்டுல சாவு டீயா? எங்க கிராண்ட்மதர் காலத்துலேருந்து இப்படித்தான் மா ஊத்தறோம். பிஷப் வந்தா கூட இப்படித்தான். வந்தவங்களுக்கு எவ்ளோ பால் வேணும்னு நாமளே முடிவு பண்றது மரியாதை இல்ல, அதுக்குத்தான் தனியா வெக்கிறது."

இரண்டு பக்கமும் மரியாதை. அங்கே கலந்து கொடுத்தால் மரியாதை, இங்கே கலக்காமல் கொடுத்தால் மரியாதை. நடுவில் நான், உலகத்து டீக்களையெல்லாம் பெட்டியில் போடக் கிளம்பிய மேதாவி. மாத்தாதீங்க என்று சொன்னது நான்தான் ஆன்ட்டி என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, இந்தக் கதவும் சாத்திக்கொண்டது என்று திரும்பி வந்தேன்.

சாயங்காலம் ஆன்ட்டியிடமிருந்து போன். "குடியாத்தத்துக்கு எந்த ட்ரெயின் மா?"

15 பிப்ரவரி, சனி

நோயல் வரக்கூடாது என்று ஆன்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார். "நீ வந்தா உன்னைத்தான் பாப்பாங்க. நான்தானே தப்பு செஞ்சது." ஆக நானும் அவரும் மட்டும். வருவதை அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் இன்று விடிந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாராம், ஓட நேரம் இருக்கக் கூடாது என்று.

ரயிலில் டீ வாங்கினேன். ஆற வைத்திருந்ததில் மேலே ஆடை படிந்துவிட்டது. ஆன்ட்டி கோப்பையை என் பக்கம் தள்ளினார். "ஆடை பாத்தாலே எனக்கு வயித்தைப் பெரட்டும் மா. போர்டிங் ஸ்கூல்ல தினம் அதோட குடிக்க வெப்பாங்க. அப்போலேருந்து தொட்டதில்ல."

எனக்கு அப்போதே பகீர் என்றது. எங்கள் வீட்டு டீயைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இந்த முறையும்.

அம்மா வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கோபம் வேறு, உபசாரம் வேறு. எருமைப் பால், அதிலேயே தேயிலை, இஞ்சி, சர்க்கரை எல்லாம் போட்டுச் சுண்டக் கொதிக்கவிட்டு, டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி ஆடை. எங்கள் வீட்டில் ஆடை அப்பாவுக்கு மட்டும்தான் விழும். வேறு யாருக்காவது விழுந்தால் அவர் பெரிய விருந்தாளி. அந்த டம்ளரை அம்மா ஆன்ட்டியின் கையில் கொடுத்தாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். ஆன்ட்டி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி, நிறுத்தாமல் முழு டம்ளரையும் குடித்து முடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணில் தண்ணீர்.

அம்மாவா கவனிக்காமல் இருப்பாள்?

"புடிக்கலன்னா வெச்சிட வேண்டியதுதானே. எதுக்குக் கஷ்டப்பட்டுக் குடிச்சீங்க?"

"நீங்க வெச்சிட்டுப் போனீங்க" என்றார் ஆன்ட்டி. "அதுக்கப்பறம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும். அதை உங்களுக்குச் செய்ய மனசு வரல."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி தொடர்ந்து, "பால் இல்லாத டீன்னா உங்க ஊர்ல இன்னான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா உங்க முன்னால கொண்டாந்திருப்பனா?" என்றார்.

அம்மா காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், ஆன்ட்டிக்கு ஆடை ஆகாது என்றேன். அடுப்பில் மறுபடி பாலை வைத்தாள். கொதித்ததும் வடிகட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, ஒரு பொட்டு ஆடைகூட இல்லாமல் வடித்தாள். "இந்தாடி, எடுத்துகினு போ" என்று என்னிடம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவளே ஆன்ட்டிக்கு எடுத்துப் போனாள்.

சரி என்று இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "வர்றோம் ஒரு நாளு" என்றாள். அவ்வளவுதான்.

19 பிப்ரவரி, புதன்

பெட்டியில் ஆங்கிலேயர் டீக்கு ஒரு பொட்டலம் வேண்டுமாம். பாலும் தூளும் முன்பே ஒன்றாகக் கலந்திருக்கும்போது பால் எப்படிப் பிறகு வரும் என்று கேட்டேன். சேஷகிரி சார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு பொட்டலமாக் குடு" என்றார். சம்பளம் உயர்த்திக் கேட்க இதுவே நல்ல சமயம்.

24 பிப்ரவரி, திங்கள்

அம்மா மறுபடி அங்கே வருவதற்கு, அம்மாவும் ஆன்ட்டியும் போனில் நாள் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு வளர்பிறை வேண்டும். ஆன்ட்டிக்குச் சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்குவதற்குள் வேண்டும். அமாவாசைக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவில் ஒரே ஒரு ஞாயிறு மாட்டியது.

2 மார்ச், ஞாயிறு

அதே ரயில், அதே வாசல். அம்மா இன்று பட்டுப்புடவை கட்டவில்லை, சாதாரண நூல் புடவை. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மட்டும் வழக்கம் போல. வந்ததும் நோயலிடம் தன் பல்லைக் காட்டினார்.

ஆன்ட்டி தட்டோடு வந்தார். கெட்டில், கோப்பைகள், குடுவை, சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் ஒன்றாக. உட்கார்ந்தார். முதலில் குடுவையை எடுத்தார். அம்மாவின் கோப்பையில் பாலை ஊற்றினார். அப்பாவுக்கு, எனக்கு, நோயலுக்கு, தனக்கு. எல்லாக் கோப்பையிலும் வெள்ளை விழுந்த பிறகுதான் கெட்டிலைத் தொட்டார், கடைசியில் அம்மாவுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டார். நோயல் என் காதோரம், "பாலை முன்னாடி ஊத்தினேன்னு சின்ன வயசுல இவங்ககிட்ட அடி வாங்கியிருக்கேன். நாகரிகம் தெரியாதவங்கதான் அப்படி ஊத்துவாங்களாம்" என்றான்.

அம்மா குனிந்து கோப்பையைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். குடித்தாள்.

பாதியில் நிறுத்திக் கோப்பையைக் கீழே வைத்தாள். அடுத்தவர் வீட்டில் அம்மா வாய்விட்டு எதையும் கேட்கமாட்டாள். உப்பில்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டு வருவாள். ஆன்ட்டியைப் பார்த்து, "சக்கர பத்தல" என்றாள். "இன்னொரு கரண்டி போடுங்க, சம்பந்தி."

சர்க்கரைக் கிண்ணம் ஆன்ட்டியின் முன்னால்தான் இருந்தது. அது தெரியாமல், எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.