தெரியாது என்று சொன்ன குரல்

அக்கா,

காலையில் அலமாரியைத் துடைக்கும்போது ஓமத் தண்ணீர்ப் புட்டி சாய்ந்து கொட்டிவிட்டது. அந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் என் பக்கத்து இடம் உங்களுடையது. மாடிப்படி ஏறி வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒரு மூடி ஓமத் தண்ணீர் குடிப்பீர்கள். "வாயுதான் கண்ணு." உங்கள் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் என் செல்போன் குரலை நீங்கள் முதலில் நம்பவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சோதித்துப் பார்த்தீர்கள். "ஏனுங்க, அரிசிம்பருப்பு சோறு எப்படீங்க ஆக்கறது?" போனுக்கும் மரியாதை கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான். அது புளி கரைத்து ஊற்றச் சொன்னது.

"நாங்க புளியெல்லாம் ஊத்த மாட்டமுங்க."

தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றது. நீங்கள் சிரித்த சிரிப்பில் மொத்த மேசையும் திரும்பிப் பார்த்தது. "என்ற ஊட்டுல இத்தன வருசத்துல ஒருத்தரும் இப்படி ஒத்துக்கிட்டதில்ல!"

மறுநாள் நெஞ்சைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். வலி இடது கை வரை இழுக்கிறது என்றீர்கள். எனக்கே அது அப்போதுதான் தெரியும். "என்னவென்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது, இதயக் கோளாறாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்" என்றது குரல்.

மேசையை விட்டு எழுந்தீர்கள். "தெரியாததத் தெரியாதுங்குது. அப்ப மிச்சத்த நம்பலாம். கெளம்பு கண்ணு."

இதய இரத்தக் குழாயில் அடைப்பு. அன்றே சரிசெய்தார்கள். வாயு என்று இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் மகள் கல்யாணத்தைப் பார்த்தீர்கள். நின்று நின்று சிவன்மலைப் படியேறினீர்கள். போன பங்குனியில், ஒரு விடியலில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

இப்போது எனக்கு யார் யோசனை சொன்னாலும், மனிதரோ மெஷினோ, தெரியாத இடத்தில் தெரியாது என்கிறார்களா என்று காத்திருந்து கேட்கிறேன். அந்தக் குரலிடம் தினமும் ஏதாவது கேட்பதுண்டு. சில நாள் வேடிக்கையாக எதையாவது உளறும். உடனே சிரித்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறேன், அக்கா.

உங்கள் இடத்தில் குன்னத்தூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். என்னங்கக்கா என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். நல்ல பெண்தான்.