ஏழாவது போர்ட்டும் பதினொன்றாவதும்

புது ஸ்விட்ச்சின் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் வாடை குப்பென்று வந்தது. உனக்குப் பிடித்த வாடை. பெட்டிக்குள் மூக்கை விட்டு இழுப்பாய். "கருமம், அது இன்னா பிரியாணியாடா?" என்பேன். இன்று பாகூரில் நம் கேபிள் அறையில் யாரும் இல்லாதபோது நானும் இழுத்துப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது.

பழையது இடியில் போய்விட்டது. வருகிற இன்டர்நெட்டை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. வீட்டுக்கு ஒரு போர்ட், கேபிள் சொருகுகிற துளை. எந்த போர்ட் எதோடு பேசலாம், எதோடு பேசக்கூடாது என்று முதலிலிருந்து போட வேண்டும். நாம் இருவரும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அது உன் வேலை. கேபிள் இழுப்பதும் கம்பம் ஏறுவதும் வீடுகளில் திட்டு வாங்குவதும் என் வேலை. இப்போது எல்லாம் என் தலையில். நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய், போ.

முதலில் சோரியாங்குப்பத்துப் பெட்டிக்குப் போகிற இரண்டு கேபிள்கள். இரண்டையும் சேர்த்து ஒரே பாதையாக்க வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். முதன்முதலில் இதைச் செய்த அன்று நீ அந்த முனையில், நான் இந்த முனையில். நீ சொல்வதற்குள் இரண்டாவதையும் சொருகிவிட்டேன். ஒரு கேபிளில் போனது மற்றதில் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி, விளக்கெல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னி, மொத்த ஏரியாவும் படுத்துவிட்டது. போனில் கத்தினாய்: "ரெண்டு பொட்டிலயும் செட் பண்ற வரிக்கும் ரெண்டாவத சொருவாதன்னு சொன்னனா இல்லியா? புடுங்குடா!" இன்று இரண்டு பக்கமும் செட் செய்துவிட்டுத்தான் சொருகினேன். பாராட்டத்தான் ஆளில்லை.

அடுத்து, தடுப்பு. ஆரம்பத்தில் நாம் அதைப் போடவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் ஒருத்தர் போனிலிருந்த குத்துப்பாட்டைத் தன் டிவிக்கு அனுப்புவதாக நினைத்துப் பக்கத்து வீட்டு டிவிக்கு அனுப்பினார். அங்கே கருமாதி. கைகலப்பு ஆகாமல் போனது நம் அதிர்ஷ்டம். அன்றைக்கே எல்லா போர்ட்டையும் ஒன்றை ஒன்று பார்க்காதபடி அடைத்தாய். எல்லோரும் ஒரே பெட்டியில்தான் இருப்பார்கள், வெளியே போய் வரலாம், அடுத்த வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்க முடியாது.

மளிகைக் கடைக்காரர் வந்தது நினைவிருக்கிறதா? "எங்க அண்ணன் வூட்டு கேமராவ எங்க வூட்லயும் தெரியற மாதிரி பண்ணிக் குடுப்பா." நான் தலையாட்டிவிட்டேன். நீ கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணைக்கூட எடுக்கவில்லை. "பாக்கறவரு கேட்டா தொறக்க மாட்டோம்ணே. யாரு வூடு தெரியப் போவுதோ அவரு வந்து கேக்கட்டும்." அவர் கனெக்‌ஷனையே துண்டித்துக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தில் உன்னோடு பேசாமல் திரிந்தேன்.

அப்பேர்ப்பட்ட நீதான் கேட்டாய். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு. உன் மனைவி கம்பெனி வேலைக்குப் போயாக வேண்டும். பகலெல்லாம் நீ தனியாகக் கிடந்தாய். "கீழ வுழுந்துட்டா ஒருத்தனுக்காவது தெரியணும்டா. கட்டில் பக்கம் ஒரு கேமரா வெச்சி, உன் வூட்டுக்கு மட்டும் தொறந்து வுடு." இன்டர்நெட் வழியாகவே பார்க்கலாமே என்றேன். "நான் படுத்துக் கெடக்கறது எவனோ கேமரா கம்பெனிக்காரன் கிட்ட போவணுமா? உன் வூட்டோட நிக்கட்டும்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதைக் கேட்க உனக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது போர்ட் நீ, பதினொன்றாவது நான். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் தடுப்பை எடுத்தேன்.

இரண்டு முறை விழுந்தாய். இரண்டு முறையும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். கடைசியில் நீ விழவில்லை. கட்டிலிலேயே அசையாமல் இருந்தாய். அதையும் நான்தான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நான் அடைக்கவில்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டிலைப் பார்ப்பேன். உன்னை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? போன மாதம் படம் இருண்டது. கேமரா போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்று ஏழாவது போர்ட்டுக்கு வந்து பழையபடி தடுப்பை எடுத்ததும், கையோடு அதையும் மாற்றிவிடலாமே என்று தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

"கேமரா நல்லாத்தான் இருக்குண்ணா," என்றாள் உன் மனைவி. "நான்தான் துண்டு போட்டு மூடி வெச்சிருக்கேன். அந்த ரூம்லதான் நான் படுக்கறேன். உங்க கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. கோச்சிக்காதீங்கண்ணா."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "இப்பவே அடச்சிடறேம்மா. துண்ட எடுத்துடு," என்று மட்டும் சொன்னேன்.

அடைத்துவிட்டேன்டா. உன்னைப் பார்க்க எனக்கென்று இருந்த ஒரே வழி அது. அழுகை வந்தது, அழுதேன். ஆனால் அது இப்போது அவளுடைய வீடு, திறந்து விடச் சொல்லி அவள் என்னிடம் வந்து கேட்கவில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சட்டம் ஒன்றுதான், இதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறேன்.

அவள் துண்டை எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.