ஒல்லியாகிக்கொண்டே வந்த பூவரசு

இன்று காலை, வரைந்த தாள் காயாமல் போகவே அடுப்புக்கு மேலே காட்டினேன். ஈரத் தாள் சூடேறும்போது வரும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. உன்னைத் தவிர வேறு யாருக்கடா இந்த வாசனை பிடிக்கும்?

எழுபதுகளின் கடைசியில் மில்லில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த தறி. மார்கழி ஞாயிறுகளில் படம் வரைய சைக்கிளை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம். எப்போதும் அதே பூவரச மரம்தான். சாய்ந்து விழும் பனிக்கால வெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறிவிடும். "மொதல்ல நெழலப் புடிடா, மரம் எங்கயும் ஓடிடாது" என்பாய். பனியில் வண்ணம் லேசில் காயாது. டீக்கடை அடுப்பில் தாளைக் காட்டுவோம். "என்னாப்பா, அப்பளம் வாட்டுறீங்களா?" என்று கடைக்காரர் கேலி செய்வார். நீதான் அதிகமாகச் சிரிப்பாய்.

ஒரு ஞாயிறு, முந்தைய மார்கழிகளின் படங்களையும் கொண்டுவந்திருந்தாய். கடை பெஞ்சில் வரிசையாகப் பரப்பினேன். உன் மரம் வருடா வருடம் ஒல்லியாகிக்கொண்டே வந்திருந்தது. அடிமரம் அச்சு அசலாக இருந்தது. இரண்டு பக்கத்துக் கிளைகளையும்தான் காணோம்.

"பனியில எளச்சிருக்கும்டா" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழியில் ஓரமாக நின்ற ஆட்டின் மேல் நீ சைக்கிளை விட்டது நினைவுக்கு வந்தது. நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, உன் முகத்துக்குப் பக்கவாட்டில் கையை நீட்டினேன்.

"கை தெரியுதா?"

"எந்தக் கை?" என்றாய்.

டீ கிளாஸைத் தள்ளி வைத்தாய். பிறகு மெதுவாக, "மில்லுல சொல்லிடாதடா. வேலையவுட்டு நிறுத்திட்டான்னா புள்ளைங்க சோத்துக்கு என்னா பண்ணும்?" என்றாய். அந்த வாரம் முழுக்க என் தறியை நான் பார்க்கவே இல்லை. நூலை இழுத்துக்கொண்டு தறியில் நாடா பாய்கிற வேகத்தில் நீ கையை எங்கே வைக்கிறாய் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இல்லை. தாங்க முடியாமல் உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் உன்னை இழுக்காத குறையாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போயிருக்கிறது, போனது திரும்பாது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். மில்லில் துணி மடிக்கும் பக்கம் மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாய்.

நம் சிநேகம் அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தபோது, ஒரு ஞாயிறு விடியலில் வாசலில் வந்து நின்றாய். "வாடா, மரம் காத்துக்கினு கெடக்குது."

அன்று மரத்தைச் சுற்றிவந்து கிளைகளைத் தொட்டுப் பார்த்தாய். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி வரைந்தாய். கிளைகள் உன் தாளின் ஓரத்தையும் தாண்டி, பக்கத்திலிருந்த என் தாளில் வந்து நின்றன. "இப்பச் சொல்லு, எளச்சிருக்கா?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் ஒவ்வொரு படம் முடிந்ததும் போன வருடம் வரைந்த மரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் மரம் இளைத்தால் சொல்வதற்கு நீ இல்லை. அதனால் நேராகப் பார்த்தபடி என் கையை நானே பக்கவாட்டில் நீட்டி, "கை தெரியுதா?" என்று கேட்டுக்கொள்கிறேன். இதுவரை தெரிகிறது.