சிவப்புப் புள்ளி

செவ்வாய் நிலையம், நாள் 212, காலை 9.10
ஆய்வாளர் எஸ்தர் பதிவு. காற்றழுத்தம் சீர். கோமதியின் சரக்குக் கலம் நாளை திரும்பும். அவள் மகள் நறுமுகைக்கு இன்னும் மூன்று நிரம்பவில்லை. இன்று அட்டையில் செய்த குட்டி அறையில் பொம்மை நாயை ஒளித்துக் காட்டினேன். பெரிய அறையிலும் அதே இடத்தில் ஒரு நாய் இருந்தது; அது எங்கே என்றால் விழித்தாள். "இது உன் அறையோட குட்டி. இது உன் கட்டில்" என்று பேர் சொன்னதும் நேரே கட்டிலடிக்குப் போனாள். பேர் சொல்லும்வரை அவளுக்கு அட்டை வெறும் அட்டைதான்.

11.40
எங்கள் கூடத்தின் சுவர் பிளந்தது. நடுக்கதவு தானாக மூடிக்கொண்டது. காற்று கசிகிற இந்தப் பக்கம் நானும் தளபதி துரைசிங்கமும். குழந்தை அந்தப் பக்கம். கதவைத் திறக்கும் நெம்புகோலும் அங்கேதான்.

11.55
தளபதி அவள் திரைக்கு அறையின் வரைபடம் அனுப்பினார். நெம்புகோல் இருக்குமிடத்தில் சிவப்புப் புள்ளி.
"பாப்பா, அந்தச் சிவப்பைப் புடிச்சு இழு."
அவள் திரையை நகத்தால் சுரண்டுகிறாள்.
"வர மாட்டேங்குது."
"முட்டாக் கழுத."
அழுகிறாள்.

12.20
கதவு திறந்தால் அவள் காற்று இந்தப் பிளவு வழியே போய்விடும். ஓடிப்போய் மறுபடி மூடிவிடலாம் என்கிறார். மிஞ்சும் காற்று நாளைவரை ஒருவருக்குத்தான் வரும். யார் அந்த ஒருவர் என்று கேட்டேன். கருவிப் பெட்டியிலிருந்து இரும்புக் குறட்டை எடுத்து என் கழுத்தில் வைத்து, அவளுக்குப் புரிய வை என்கிறார்.

12.35
ஒலிவாங்கியில் பேசினேன்.
"நறு, இது உன் அறையோட படம். இது உன் கட்டில். நிஜக் கட்டில் எங்க?"
"இங்க."
"இது தண்ணி. இது பிஸ்கட் டப்பா."
ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது.
"சிவப்பு?"
"அது ஹீட்டர் மாதிரி, கண்ணு. சுடும். அம்மா வந்து திறப்பா. நீ தொடாத."

12.41
ஒலிவாங்கியைப் பிடுங்கிவிட்டார். குறடு விழுந்த என் இடக்கை விரல்கள் மடங்கவில்லை. ஒரு கையால் இந்தப் பதிவைத் தட்டுகிறேன். அவளிடம் கெஞ்சுகிறார். மிட்டாய் தருவாராம். கேமராவில் அவள் நெம்புகோல் முன்னால் நிற்கிறாள்.
"இதுவா மாமா?"
"அதேதான். இழும்மா."
"இது சுடும். நீங்களும் தொடாதீங்க."
கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.
கோமதி, தண்ணீர் அவளுக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. மெதுவாகக் கூப்பிடு, பயந்திருப்பாள். அவர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டார். குறட்டோடு என் பக்கம் திரும்புகிறா